வினிதா விட்டுவைத்த இடைவெளி

முனிலட்சுமி கன்னடம் கற்றது அத்திப்பள்ளிச் சந்தையில். தெலுங்கு கற்றது புகுந்த வீட்டில். யாரும் சொல்லித் தராமலே இரண்டும் வந்துவிட்டன. ஆங்கிலத்துக்குத்தான் முப்பத்தாறாம் வயதில் புத்தகமும் தேர்வும் தேவைப்பட்டன.

ஓசூரில், கார்களுக்கான வயர்களைக் கட்டும் தொழிற்சாலையில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. லைன் லீடர் ஆக வேண்டுமென்றால், பார்வையிட வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும். அதற்காகக் கம்பெனி பதினான்கு பாடங்கள் கொண்ட சிறு புத்தகம் ஒன்று கொடுத்தது. எல்லாம் கேள்வி பதில். ஜோடி சேர்ந்து பேசிப் பழக வேண்டும்.

அவளுக்கு வாய்த்த ஜோடி வினிதா. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருபத்து மூன்று வயது. ஜூஜுவாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மட்டும்தான் இருவரும் சேர்ந்து உட்காருவார்கள்.

“இங்கிலீஷ் பேசும்போது எதுக்குக்கா அடி வாங்கப் போற மாதிரி நிக்க?” என்பாள் வினிதா.

“நீ பேசற தமிழே எனக்குப் பாதி புரியல. இதுல இங்கிலீஷ் வேற.”

மற்ற நாட்களில் ஒருத்திக்குப் பகல் ஷிப்ட் என்றால் மற்றவளுக்கு இரவு ஷிப்ட். அதற்கு வினிதா ஒரு வழி கண்டுபிடித்தாள். கேள்விகளை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும், பதில் சொல்லும் நேரத்துக்குச் சும்மா இருப்பாள். முனிலட்சுமி களி கிண்டியபடியே அந்த இடைவெளிக்குள் தன் பதிலைச் சொல்லி முடிப்பாள்.

பதிமூன்று பாடங்கள் அப்படி முடிந்தன. பதினான்காவது, விபத்து நடந்தால் அதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்ற பாடம். தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. ‘காலைல ஷிப்ட் முடிஞ்சதும் அனுப்பிடு டீ. ரூமுக்குப் போனா தூங்கிடுவே’ என்று முனிலட்சுமி செய்தி போட்டாள்.

காலை ஆறு இருபதுக்கு வினிதாவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நெடுஞ்சாலையைக் கடந்த வினிதாவை லாரி அடித்ததும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

மருத்துவமனைப் பிணவறை வாசலில் அவள் அம்மா ஜெயமணி, கண்டவர்களிடமெல்லாம் கேட்டாள். “கையில போனு இருந்துச்சாம். யாருகிட்டப் பேசிக்கிட்டு வந்தாளோ எம்புள்ள. ஆருக்காச்சும் தெரியுமா?”

முனிலட்சுமி இரண்டடி தள்ளி நின்றாள். தெரிந்த மூன்று மொழியிலும் ஒரு சொல் வரவில்லை.

அந்தக் குரலை அவள் திறக்கவில்லை. ஆனாலும் களி கிண்டும்போது, யாரோ ஒன்றைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் காத்திருப்பது போலிருக்கும். கை தானாக நின்றுவிடும். வாய் முணுமுணுக்கும்.

“யார்கிட்டம்மே பேசறே?” என்று கூடத்திலிருந்து கணவன் முனிராஜ் கேட்பான்.

“பாடம்,” என்பாள்.

ஒரு மாதம் தள்ளிவைத்த பிறகு தேர்வு நடந்தது. கேள்வி கேட்க பெங்களூரிலிருந்து சுசித்ரா மேடம் வந்திருந்தார்.

“வாட் ஹேப்பண்ட்?”

தரையில் எண்ணெய் கொட்டியது, ஒருவர் வழுக்கி விழுந்தார் என்பது புத்தகத்தில் உள்ள பதில். அதை மனப்பாடமாக வைத்திருந்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு: நெடுஞ்சாலை, லாரி, ஆறு இருபது, கையில் போன். உடைந்த ஆங்கிலத்தில், நிற்காமல் வந்தது.

“ஹூஸ் மிஸ்டேக்?”

“மை மிஸ்டேக், மேடம். ஐ டோல்ட் ஹெர், சென்ட் இட் இன் த மார்னிங்.”

சுசித்ரா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “வெரி குட்! காலையில இருந்து எல்லாரும் எண்ணெய் கொட்டினதையே சொல்லிட்டிருக்காங்க. நீங்கதான் சொந்தமா ஒரு கதை சொன்னீங்க.”

லைன் லீடர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையதாக இருந்தது. பட்டியல் ஒட்டிய அன்று மதியம், கேன்டீன் பின்னால் நின்று ஜெயமணியை அழைத்தாள். மேடத்திடம் சொன்னதையே தமிழில் சொன்னாள். தமிழில் அது நாலே வரிதான் இருந்தது.

ஜெயமணி கேட்டது ஒன்றுதான்: “அதுல அவ குரல் இருக்கா?”

“இருக்கும்மா. நான் இன்னும் கேக்கல.”

“எனக்கு அனுப்பு.”

அனுப்பினாள். மறுநாள் ஜெயமணியே அழைத்தாள். திட்டு விழும் என்று முனிலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். திட்டு விழவில்லை.

“விடிய விடியக் கேட்டுட்டேன். லாரிச் சத்தத்துக்குள்ள என்னமோ கேக்கா. கேட்டுட்டுச் சும்மா இருக்கா. மறுபடியும் கேக்கா. எனக்கு ஒண்ணும் விளங்கல. கடைசியா ஒண்ணு கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருக்காளே, அது என்னது?”

பதினான்காம் பாடத்தின் கடைசிக் கேள்வி எதுவென்று, அந்தக் குரலைத் திறக்காமலே முனிலட்சுமிக்குத் தெரியும்.

“யார் தப்புன்னு கேக்கறாம்மா.”

பதிலுக்குக் காத்திருப்பவள் போல, ஜெயமணி போனை வைக்காமல் இருந்தாள்.