பாஸ்கு வரை பிரெஞ்சு மட்டும்

விபூதிப் புதனன்று குருவானவர் நெற்றியில் வைக்கும் சாம்பல், பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் வியர்வையோடு கண்ணில் இறங்கிவிடும். அந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது... துடைக்கக் கூடாது என்பது என் சட்டம். மற்றவர்கள் துடைத்துக்கொள்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரியில் கன்னியர் மடத்துப் பள்ளியில் கடைசி வகுப்பில் இருந்தோம். பாஸ்கு என்னும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தபசுக்காலம் தொடங்கும்போது ஒவ்வொரு பெண்ணும் ஏதாவது ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும் என்பார் மா மேர். மடத்துத் தாயாரை அப்படித்தான் கூப்பிடுவோம். பலர் காபியில் சர்க்கரை போடுவதை விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. நான் பக்கம் பக்கமாக எழுதினேன். நாற்காலியில் முதுகு சாயக் கூடாது. தினமும் ஒரு டிக்தே, சொல்லக் கேட்டுப் பிழையில்லாமல் எழுதுவது. பாதி படித்த புத்தகத்தைக் கீழே வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பிரெவே பரீட்சையில் முதல் தடவையிலேயே தேற வேண்டும்.

எனக்கு மட்டும் எழுதி நிறுத்தும் வழக்கம் எனக்குக் கிடையாது. என் தோழிகள் ஜெர்மேன், பிலோமின் இருவருக்கும் சேர்த்தே எழுதினேன்.

ஜெர்மேன் நகம் கடிப்பதை விட வேண்டும். பிலோமினுக்கு எழுத்தில் குறையே கிடையாது, பேச்சில்தான் தயங்குவாள். பிரெவேயில் வாய்மொழித் தேர்வும் உண்டு. அதனால் மூவரும் பாஸ்கு திருநாள் வரை பிரெஞ்சு மட்டுமே பேசுவது என்று எழுதினேன்.

"மீன்காரம்மா கிட்டயுமாடி?" என்று கேட்டாள் ஜெர்மேன்.

எல்லோரிடமும்தான் என்றேன். ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டிவரும். பிலோமின் உடனே கையெழுத்துப் போட்டாள்.

எங்கள் மூவரில் அந்தப் பரீட்சை உண்மையாகவே தேவைப்பட்டவள் அவள்தான். தேறினால் ஆசிரியை வேலை கிடைக்கும். அவளுடைய அப்பாவோ, மாப்பிள்ளை அமைந்த மறுநாளே படிப்பு நிற்கும் என்று சொல்லிவிட்டிருந்தார். பரீட்சை ஜூனில். அதுவரை யாரும் வந்துவிடக் கூடாது என்று அவள் தினமும் கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாலைகளில் கடற்கரையில் நடந்தபடி அவரவர் தவறுகளைச் சொல்ல வேண்டும், பிரெஞ்சில். ஜெர்மேனுக்கு வாரம் முழுக்கத் தவறுதான். பிலோமினுக்கு ஒன்றுகூட இருக்காது. அவள் வீட்டில் அப்பாவுக்கும் அண்ணன்களுக்கும் பிரெஞ்சு தெரியும். சமையல்காரியிடம் கையால் ஜாடை காட்டியே காலம் தள்ளினாள்.

தபசுக்காலத்தின் நடுவில் மாப்பிள்ளை வந்துவிட்டார். சைகோனில் சுங்க இலாகாவில் வேலை. விடுமுறை முடிந்து கப்பல் ஏறுவதற்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும். தபசில் கல்யாணம் கிடையாது, பெண் பார்க்கத் தடையில்லை. அவரும் அவருடைய அம்மாவும் காரைக்காலிலிருந்து வந்திருந்தார்கள்.

அன்று நடந்ததை மறுநாள் பிலோமினின் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்து என் அம்மாவிடம் சொல்லித் தீர்த்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். உய், மதாம் என்றாள் பிலோமின். என்னவெல்லாம் சமைப்பாய் என்று கேட்டார். பிலோமின் தலை குனிந்து, மரியாதையாக, மிக நீளமாக, பிரெஞ்சில் பதில் சொன்னாள். மகன் தமிழில் எடுத்துச் சொன்னார். அடுத்த கேள்விக்கும் அப்படியே.

அந்த அம்மாள் காபியைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தாராம். "ஏன்டா, எனக்கும் மருமவளுக்கும் நடுவுல காலம் பூரா நீ துபாஷா நிக்கப்போறியா?"

அதோடு எழுந்துவிட்டார்கள்.

"எல்லாம் ஒம் பொண்ணு போட்ட சட்டம்தான்க்கா" என்று அழுதார் பிலோமினின் அம்மா. என் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாயா என்று பிலோமினிடம் கேட்டேன். நீ எழுதினாய், நான் கடைப்பிடித்தேன் என்றாள், பிரெஞ்சில். தயக்கமே இல்லாத பிரெஞ்சு. அவள் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை.

பாஸ்கு முடிந்த வாரமே அந்தச் சைகோன் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள்.

தீர்மானம் பாஸ்கு வரைதான். அது முடிந்துவிட்டது. அந்த அம்மாள் கேட்டதற்கெல்லாம் நான் தமிழில் பதில் சொன்னேன். "இதுக்கு வாய் இருக்கு" என்று சிரித்தார். மகன் ஜன்னலோரம் நின்றிருந்தார். இம்முறை அவருக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

ஜூனில் நான் சைகோனில் இருந்தேன். பிலோமின் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள் என்று ஜெர்மேன் எழுதியிருந்தாள். நான் எழுதாத பரீட்சை அது.

நான் குறைபட்டுக்கொள்ளவில்லை. அவர் நல்ல மனிதர். கடைசி வரை என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பிலோமின் தலைமை ஆசிரியையாகி ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதுச்சேரியிலேயே சாரம் பகுதியில் சொந்தமாக வீடு கட்டினாள்.

இந்தக் காலத்துப் பெண்களும் புத்தாண்டுக்கு நீளமாக எழுதி அலமாரியில் ஒட்டிவைக்கிறார்கள். நிறைவேறாவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம், அவசரம் ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒரு ஜூன்தான் இருந்தது...

மாதப் பிறப்பில் பேங்கில் ஓய்வூதியம் வாங்கப் போகும்போது பிலோமினைப் பார்ப்பேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து முட்டிவலியைப் பற்றிப் பேசுவோம், தமிழில்தான். அவள் பெயரைக் கூப்பிடுவார்கள், எழுந்து போவாள். அடுத்து என் கணவரின் பெயரைக் கூப்பிடுவார்கள்.

நான் எழுந்து போவேன்.