அரத்தில் செய்த கத்தி

கூலிம் நகரில் காரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு நானும் சித்தப்பாவும் வாசலில் காத்திருந்தோம். பக்கத்து வெல்டிங் பட்டறையில் யாரோ காய்ச்சிய இரும்பை எண்ணெயில் முக்கினார்கள். அந்தப் புகை வாசனை வந்ததும் சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு சிடாம் கிரியில் எங்கள் பழைய வீட்டின் கொல்லைப்புறம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது நான் ஆரம்பப்பள்ளி மாணவி. காட்டுப்பன்றிகள் எங்கள் மரவள்ளியைத் தோண்டித் தின்றுகொண்டிருந்ததால், வேட்டைக்கென்று அப்பா கத்தி செய்தார். லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்யலாம் என்றார் அவர் தம்பியான சித்தப்பா. அப்பா கேட்கவில்லை. பழைய அரத்தின் இரும்புதான் கூர் மழுங்காது என்று அதையே தேய்த்து, கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார்.

"அண்ணே, திரும்ப லேசா அனல்ல காட்டணும்லா. இல்லன்னா கண்ணாடி மாதிரி உடைஞ்சிரும்," என்றார் சித்தப்பா.

"வேட்டைக்கு வர்ற ஆளுங்க ஜாலான்ல, ரோட்டு முனையில காத்துக்கிட்டு நிக்கிறாங்க. வந்து பாத்துக்கலாம்," என்று கத்தியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அப்பா ஈட்டியை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம், ஈட்டிக்குத் தப்பிய பன்றி ஒன்று அப்பாவின் மேல் பாய்ந்தது. சித்தப்பா குறுக்கே விழுந்து கத்தியால் குத்தினார். அது பாதியில் முறிந்தது. பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மாவும் நானும் கட்டிலருகே நின்று அழுதோம். அப்பா வார்டு வாசலோடு நின்றுவிட்டார். அதன்பின் சாகும்வரை அவர் தம்பியின் முகம் பார்த்துப் பேசவில்லை.

கார் வந்தது. சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கால் என்னிக்கோ ஆறிப்போச்சும்மா. அண்ணன் ஒரு தடவ உள்ள வந்து என்னயப் பாத்திருக்கலாம்," என்றார்.