திரும்பிப் போக வேண்டிய தண்ணீர்

அறுபதுகளில் ஒரு வருஷம் மழை எங்களைச் சுத்தமாக ஏமாற்றிவிட்டது. செஞ்சியைச் சுற்றி ஏரிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. கிணற்றில் வாளியை விட்டால் தரையில் போய்த் தட்டியது. சர்க்கார் தண்ணீர் லாரி விட்டது. அந்த லாரிக்கு நான்தான் டிரைவர். அவலூர்பேட்டை சாலையில் வற்றாமல் இருந்த ஒரு வயல் கிணற்றில் டாங்கியை நிரப்பிக்கொண்டு வந்து, தெருத் தெருவாக ஊற்றுவது என் வேலை.

அந்த நாட்களில் நான் விழித்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. வெயிலில் கோட்டை மலைகள் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி நிற்கும். பின்னால் டாங்கியில் தண்ணீர் ஆடிக்கொண்டே வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனால் லாரி ஓடுகிறதா, சாலை ஓடுகிறதா என்று தெரியாது. ஊருக்குள் நுழைந்து குடங்கள் மோதிக்கொள்ளும்போதுதான் விழிப்பு வரும். உடனே யார் மேலாவது எரிந்து விழுவேன். என் வாய்க்கு அப்போது நல்ல பெயர் கிடையாது.

நைனார் தெருவில், அதாவது சமணக் குடும்பங்கள் இருந்த தெருவில், கடைசி வீட்டில் ஓர் அம்மா தனியாக இருந்தார். எல்லோரும் பிடித்த பிறகுதான் குடத்தோடு வருவார். குடத்தின் வாயில் நாலாக மடித்த வெள்ளைத் துணியைப் போட்டு வடிப்பார். பிறகு துணியைத் திருப்பி, வடித்த தண்ணீரை அதன்மேல் கொஞ்சம் விட்டு அலசி, ஒரு சின்னச் சொம்பில் பிடிப்பார். முதல் நாள் அந்தச் சொம்பை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, எந்தக் கெணத்துல எடுத்தீங்களோ அதுலயே இத ஊத்திடுங்க."

"இன்னாம்மா இருக்குது இதுல?"

"உசுருங்க. கண்ணுக்குத் தெரியாது. எடுத்த எடத்துலயே உடணும்."

"சர்க்காரு மனுசனுக்குத்தாம்மா லாரி உட்டிருக்குது, பூச்சிக்கு இல்ல."

அவர் கோபப்படவில்லை. வடித்த குடத்தை அப்படியே பக்கத்து வீட்டு அண்டாவில் கவிழ்த்துவிட்டு, "அப்ப எனக்கு இந்தத் தண்ணி வாணாண்ணே" என்றார். அவர் வீட்டுக் கிணறு வறண்டு மாதக்கணக்காகியிருந்தது. சொம்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, இன்னொரு குடம் பிடித்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து தினமும் என் பக்கத்தில், சுருட்டிய சாக்குக்கு நடுவில், அந்தச் சொம்பு உட்கார்ந்து வந்தது. காலி வண்டியைக்கூடப் பள்ளம் பார்த்து ஓட்டினேன். கிணற்றுப் படியில் இறங்கி மெதுவாகச் சாய்த்து, "போங்க, வூட்டுக்குப் போங்க" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டேன். யாராவது பார்த்திருந்தால் டிரைவருக்கு வெயில் ஏறிவிட்டது என்றிருப்பார்கள். மறுநாள் அவர், "சேத்துட்டீங்களாண்ணே?" என்பார். "சேத்துட்டேம்மா" என்று நான் சொன்ன பிறகுதான் அன்றைய தண்ணீரில் வாய் வைப்பார்.

ஒருநாள் கிணற்றுக்குத் திரும்பும் வழியில், நிழலே இல்லாத இடத்தில், ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. வண்டிக்கென்று வைத்திருந்த டப்பாவை நிரப்ப மறந்திருந்தேன். டாங்கியிலும் சொட்டு இல்லை. வெகுநேரம் காத்திருந்தேன். பிறகு சொம்பை எடுத்து ரேடியேட்டரில் ஊற்றினேன். உஸ்ஸென்று ஆவி வந்தது. கிணறு வரைக்கும் போக அது போதுமாக இருந்தது. அன்றைக்குக் கிணற்றுப் படியில் காலிச் சொம்போடுதான் இறங்கினேன்.

மறுநாள் அவர் வழக்கம்போல் கேட்டார். பொய் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் "சேத்துட்டேம்மா" என்றுதான் சொல்வேன் என்று, நான் வாய் திறக்கும் முன்பே குடிப்பதற்கு அவர் டம்ளரைத் தூக்கிவிட்டார். அது என் வார்த்தையை நம்பித் தூக்கிய டம்ளர்.

"இல்லம்மா. வண்டி கொதிச்சிடுச்சி. அதுல ஊத்திட்டேன்."

அவர் டம்ளரை அப்படியே கீழே வைத்தார். துணியை மடித்தார். சொம்பைக் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கு மலைகள் அதனதன் இடத்தில் கல்லாகவே நின்றன.

அடுத்த நாள் அந்தத் தெருவுக்குள் திரும்பவே பயமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் குடத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நேத்தெல்லாம் அவங்க பல்லுல பச்சத் தண்ணி படல. அந்த உசுருங்களுக்காவ."

கடைசியாக அவர் வந்தார். உதடு வெடித்திருந்தது. வடித்தார், அலசினார், சொம்பில் பிடித்தார். பிறகு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பழைய எண்ணெய் டின்னை எடுத்து வந்து, வடித்த தண்ணீரை அதன் கழுத்து வரைக்கும் ஊற்றினார். இரண்டையும் என் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பெருசு வண்டிக்குண்ணே. வடிகட்டுனதுதான், ஊத்தலாம். சின்னது கெணத்துக்கு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுதுவிட்டேன் என்று சொல்ல இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை. அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். அதில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.