பெரியவர் தின்று முடிக்கும்வரை

டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே கைபேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்துக் குரங்கு வீடியோவை ஓடவிட்டுவிட்டாள் அவள். காப்பீட்டு அலுவலகத்தின் இழப்பீட்டுப் பிரிவில், எந்நேரமும் காட்டு விலங்கு வீடியோ பார்ப்பதால், அவளுக்குக் 'காட்டக்கா' என்று பெயர். சொந்தப் பெயர் வாசல் காவலருக்கே மறந்துபோய்விட்டது.

"பாரு பாரு, இந்தச் சின்னது பசியில துடிக்குது. ஆனா பழத்தத் தொடாது. பெரியவரு இன்னும் தின்னு முடிக்கலையாம்." பக்கத்து மேசைத் தோழியின் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "நாமளும் இதே கூட்டம்தான்டி. வால் மட்டும் உதிர்ந்துபோச்சு."

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேலாளர் எழாமல் அந்தப் பிரிவில் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. எந்த விதியிலும் எழுதாத வழக்கம். வேலை முடிந்தவர்களும் முடித்த கோப்பையே திறந்து மூடிக்கொண்டு, ஓரக்கண்ணால் அவருடைய கண்ணாடி அறையைப் பார்த்திருப்பார்கள். அவர் சிரித்தால் சிரிப்பு கடைசி நாற்காலிவரை வரிசையாகப் போகும். காட்டக்காவும் பல வருடம் சிரித்தவள்தான்.

போன மாதம் ஒரு காலை, செருப்பு மாட்ட வீட்டு வாசலில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நோவு ஒன்றும் இல்லை. கண்ணீர் மட்டும் கொட்டியது. "நேரத்துக்கு வீட்டுக்குப் போங்க, இல்லேன்னா வேலைய விட்டுடுங்க" என்றுவிட்டார் டாக்டர். வேலையை விடுவதா? வீடெரிந்த குடும்பத்துக்கு இழப்பீடு போய்ச் சேர்ந்தால் தனக்கே வந்ததுபோல் குதிப்பவள் அவள்.

"காட்டுல பெரியவரு முறைச்சா ஒரு ஓட்டம், அதோட சரி. சின்னது மரத்துல ஏறி மறந்துடும். நாம அந்தப் பயத்தையே நாள் பூரா வச்சு ஓட்டுறோம். உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் தோழியிடம்.

இதைக் கண்டுபிடித்த குஷியில் இன்று காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இன்னிக்கு அஞ்சரைக்கு எந்திரிக்கப் போறேன். கடிச்சா வச்சிருவாரு?"

ஐந்தரைக்கு எழுந்தேவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்; பயமா குஷியா என்று அவளுக்கே பிடிபடவில்லை. கண்ணாடி அறையை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். மேலாளர் பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேல்மாடியில் பெரிய மேலாளர் இன்னும் கிளம்பவில்லை.

"அடிப்பாவி, இவரும் காத்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்று தோழியின் காதில் கிசுகிசுத்தாள். சிரிப்பும் பரிதாபமும் சேர்ந்தே வந்தன.

அவள் நடந்தாள். பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. லிஃப்ட் வந்தது; எல்லோரும் ஏறினார்கள். காட்டக்கா மூடப்போன கதவைக் கையால் மறித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி அறையைப் பார்த்துத் தலையசைத்துக் கூப்பிட்டாள். பிறகு, இன்னும் ஒரு ஆள் நிற்கும்படி ஒதுங்கி நின்றாள்.