போத்தலில் என் பெயர்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நான் டீமேக்கர். அரைத்துப் பரப்பிய கொழுந்து எப்போது அடுப்புக்குப் போகவேண்டும் என்பதை மணிக்கூட்டுக்கு முன்னால் என் மூக்கு சொல்லிவிடும். அந்த மூக்கின் மேல் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வீட்டில் கருவாடு பொரித்தால்கூட வாசலில் போய் நிற்கிற ஆள் நான்.

அப்படிப்பட்டவன் கையில்தான் போன வருடம் அந்தச் சின்னப் போத்தலைக் கொடுத்தார்கள். தொழிற்சாலையில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கெல்லாம் மலப் பரிசோதனை. குடலில் கட்டி ஏதும் முளைத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியலாம், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் புற்றுநோய்க்குத் தப்பலாம் என்று தோட்டத்து மருந்தகத் தாதி விளக்கினார். எங்களுக்கு அவர் மிஸ்ஸி. கடதாசியை விரித்து அதன்மேல் வெளிக்கிருந்து, மூடியோடு சேர்ந்த குச்சியால் நாலு இடத்தில் சுரண்டி, போத்தலுக்குள் விட்டு மூட வேண்டும். அவ்வளவுதான். கேட்கும்போதே எனக்குக் குமட்டியது.

மூன்று நாள் அது அலுமாரிக்கு மேல் கிடந்தது. கொடுக்கவேண்டிய கடைசிக் காலையில், கக்கூசுக்குள் போன வேகத்திலேயே வெளியே வந்து கத்தினேன்.

"என்னால முடியாது! மனுசன் செய்ற வேலையா இது?"

என் மனைவி பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளுக்கு நாள் முழுக்கக் கால் கழுவிவிடுகிறவள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குடுக்கலைன்னா மிஸ்ஸி வீட்டுக்கே வந்து நிக்கும். கத்தாம இங்க குடுங்க."

பத்து நிமிடத்தில் போத்தல் மூடித் துடைத்து வந்தது. வெளியே என் பெயர், என் வயது. உள்ளே இருந்தது அவளுடையது. தெரிந்தேதான், கொஞ்சமும் வெட்கமில்லாமல், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து மிஸ்ஸி கூப்பிட்டனுப்பினார்.

"பயப்படாதீங்க ஐயா. ரத்தம் இருக்குன்னு வந்திருக்கு. அதுக்காக கேன்சர்னு இல்ல, மூலமாக்கூட இருக்கலாம். ஆனா பெரியாஸ்பத்திரியில கமரா விட்டுப் பாத்தே ஆகணும்."

அப்பாடா, என்னுடையது இல்லை. முதலில் தோன்றியது இதுதான். மூச்சு லேசாக வந்தது. அது யாருடையது என்பது அடுத்த மூச்சில்தான் உறைத்தது. உண்மையைச் சொன்னதும் மிஸ்ஸி திட்டிய திட்டை என் அம்மாகூடத் திட்டியதில்லை. உடனே அவளைக் கூட்டிவரச் சொன்னார்.

பிள்ளைக்காம்பராவில் அவள் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் போத்தல்ல ரத்தமாம்" என்றேன்.

கை பாதியில் நின்றது. "என்னோடதுலயா?"

தலையாட்டினேன். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். "சரி, இவன் சாப்பிட்டு முடிக்கட்டும். வர்றேன்" என்றாள்.

கமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்த டாக்டர், குடலில் இருந்த சின்னக் கட்டியை அப்போதே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அது இன்னும் புற்றாக மாறவில்லை, விட்டிருந்தால் மாறியிருக்கலாம் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுதேன். அவள் ஹட்டனில் இறங்கியதும் வடை கேட்டாள்.

இப்போது தோட்டம் முழுக்க அவள் இந்தக் கதையைச் சொல்கிறாள்.

"எங்க வீட்டுக்காரரு மூக்குதாங்க என்னைய காப்பாத்துச்சு. அவரு ஒழுங்கா குடுத்திருந்தா என்னைய யாரு பாத்திருப்பா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இந்த வருடம் என் போத்தலை நானே நிரப்பினேன், மூக்கைப் பொத்தாமல். முப்பது வருடத்தில் அவளிடம் எதையும் மறைத்ததில்லை. மருந்தகத்தில் என் மூச்சு லேசாக வந்த அந்த ஒரு நொடியைத்தான் இன்னும் சொல்லவில்லை.