பேசாதவள் பெயர்

கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்துக் கசக்கிக் கரும்பலகையில் தேய்த்தால் ஒரு பச்சை நெடி எழும்பும். வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த நெடி என் உள்ளங்கையை விட்டுப் போகாது, சோற்றில் கை வைத்தாலும் அதே வாசம்தான். வரிச்சிக்குடியிலிருந்து பஸ் பிடித்துக் காரைக்காலுக்குப் படிக்க வந்துகொண்டிருந்த எனக்கு ஏழாம் வகுப்பில் "லீடர்" பதவி கிடைத்திருந்தது. பலகைக்குக் கரி பூசுவதும், டீச்சர் இல்லாத நேரத்தில் அதே பலகையின் ஓரத்தில் "பேசியவர்கள்" என்று தலைப்புப் போட்டுப் பெயர்களை எழுதுவதும் என் வேலை. எழுதிய பிறகும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, பெயருக்கு ஓர் அடி, குறிக்கு ஒவ்வொன்று கூடுதல். எனக்கு அதில் என்ன பெருமை என்கிறீர்கள்! சாக்பீஸைக் கையில் எடுத்துவிட்டால் கால் தரையில் பாவாது.

முதல் வாரத்திலேயே சோதனை வந்தது. ஒருநாள் வகுப்பு உண்மையாகவே அமைதியாக இருந்துவிட, நான் ஒரு பெயரும் எழுதவில்லை. உள்ளே வந்த கணக்கு டீச்சர் வெறும் பலகையைப் பார்த்தார். "அம்பது புள்ளைங்க, ஒருத்தர்கூடப் பேசலையா? யாரு காதுல பூ சுத்துற?" என்று என் கையை நீட்டச் சொல்லி மர ஸ்கேலால் இரண்டு வைத்தார். பலகை காலியாக இருக்கக் கூடாது என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்துபோயிற்று.

சரி, யார் பெயரை எழுதுவது? பக்கத்து பெஞ்சுக்காரியை எழுதினால் "டூ" விட்டுவிடுவாள். பஸ்ஸில் கூட வருகிறவளை எழுதினால் சீட்டுப் பிடித்து வைக்க மாட்டாள். பையன்களை எழுதினால் சாயங்காலம் சைக்கிளில் துரத்துவான்கள். இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்ததில் கடைசியாக மிஞ்சியவள், கிளிஞ்சல்மேட்டிலிருந்து அந்த வருஷம் புதிதாக வந்து சேர்ந்திருந்த இந்துமதி. அவள் அப்பா கடலுக்குப் போகிறவர் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்தாலே "கவுச்சி" அடிக்கிறது என்று எவளோ ஒருத்தி கிளப்பிவிட, கடைசி பெஞ்சின் ஓரத்தில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளோடு பேசுவதில்லை. யாருமே பேசாதவள் யாரோடு பேசியிருக்க முடியும்? இந்தச் சின்னக் கேள்வி டீச்சருக்கும் தோன்றவில்லை, ஐம்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தினமும் எழுதினேன். அவள் எழுந்து வருவாள், கையை நீட்டுவாள், வாங்கிக்கொண்டு போய் உட்காருவாள். ஒருநாள் வகுப்பே சந்தைக்கடையாகக் கிடந்தபோது, மற்ற எல்லோருக்கும் சேர்த்து அவள் பெயருக்குப் பக்கத்தில் நான்கு குறி போட்டேன்; மொத்த வகுப்பும் சிரித்தது, நானும் சிரித்தேன். "வாயாடி" என்ற பட்டப்பெயர் அப்போது ஒட்டியதுதான். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. அடிப்பாவி, அன்றைக்கு எனக்கு வந்த ஒரே கவலை என்ன தெரியுமா? இனி யார் பெயரை எழுதுவது என்பது.

முப்பது வருஷம் ஓடிவிட்டது. என் மகள் படிக்கும் பள்ளியில் மர ஸ்கேல் கிடையாது, கரும்பலகையே கிடையாது. கேலி, சீண்டல் எது நடந்தாலும் எழுதிப் போடுவதற்கு வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். போன மாதம் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகளைச் சீண்டுகிற பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு சார் அரை மணி நேரம் விளக்கினார். யாரோ எவரோ என்று நானும் தலையாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் மீன்கார அம்மாள் வாசலில் கூடையை இறக்கினார். கிளிஞ்சல்மேட்டுக்காரர், வருஷக்கணக்காக அவரிடம்தான் வாங்குகிறேன், குடும்பத்தைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்தில் நின்று என் மகள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"பொம்பளப் புள்ளைய இப்புடிப் பேச வுடாதீங்க தங்கச்சி. எம் மவ இந்துமதியும் இப்புடித்தான், டவுன் பள்ளியோடத்துல தெனம் பேசிப்பேசி அடி வாங்குவா. வாயாடின்னே பேரு வச்சிட்டாங்க. சொல்லிச் சொல்லிப் பாத்தேன், கேக்கல. ஒருநாளு கரண்டியக் காயவச்சுக் கால்ல ஒரு இழுப்பு இழுத்து, பள்ளியோடமே வேணாம்னு நிப்பாட்டிட்டேன்."

மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. என்னைப் பெட்டியில் எழுதிப் போட யார் இருக்கிறார்கள்? ஆனால் பெற்ற தாய் வாயிலேயே இன்றைக்கும் அவள் வாயாடியாக இருக்கிறாளே! வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, அவ பேசல. ஒருநாளும் பேசல. போர்டுல பேரு எழுதுனது நாந்தான். யார் பேரையாச்சும் எழுதலைன்னா எனக்கு அடி விழும்னு அவ பேர எழுதுனேன்."

திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்றுதான் இருந்தேன். அவர் கையிலிருந்த மீனைக் கூடையில் திரும்பப் போட்டார்.

"அவ சொன்னா தங்கச்சி," என்றார். "'நான் பேசல ஆத்தா, நான் பேசல ஆத்தா'ன்னு கத்திக்கிட்டேதான் இருந்தா. எதுத்து வேற பேசுறியான்னு நான் இன்னொரு இழுப்பு இழுத்தேன்."

கூடையைத் தூக்கிவிட நான் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அவர் குரல் கேட்கவில்லை.