மைலோ ரெஸாச்சை எதிர்த்து

மைலோ ரெஸாச் இருபத்து நான்கு ஆண்டுகள் டுப்ராவா பள்ளி வாரியத்தில் உறுப்பினராக இருந்தார். அத்தனை காலத்தில் ஒரு தீர்மானத்தைக்கூட அவர் முன்மொழிந்ததில்லை. யாராவது முன்மொழிந்தால் வழிமொழிவார். கூரை மாற்றியது, பேருந்து வாங்கியது, ஒரு தலைமையாசிரியரை அனுப்பியது, இன்னொருவரை எடுத்தது எல்லாம் அவர் வழிமொழிந்து நடந்தவை.

பிழைப்புக்கு விதைச்சோளம் விற்றார். அதிலும் பேச்சு குறைவு. வண்டியை வயலோரம் நிறுத்துவார், வானத்தைப் பார்ப்பார். விவசாயியே பேசி, விவசாயியே முடிவெடுத்து, விவசாயியே வாங்கிக்கொள்வார்.

நெப்ராஸ்காவின் அந்தப் பக்கத்தில் பள்ளி வாரியத்துக்கு யாரும் ஆசைப்பட்டு நிற்பதில்லை. மாட்டிவிடுவார்கள். மைலோ மாட்டியது பள்ளிக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில், காபி வரிசையில். நிற்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். மைலோ தோளைக் குலுக்கினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

அவர் வழிமொழியாத தீர்மானம் ஒன்று உண்டு. டுப்ராவா பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளை ஹார்டிங் நகரப் பள்ளியோடு சேர்ப்பது. வாரியத்தில் ஆறு பேர். மூவர் சேர்க்கலாம் என்றார்கள், மூவர் கூடாது என்றார்கள். சரிபாதி என்றால் தீர்மானம் தோற்றது என்று கணக்கு. வாரிய விதிப்படி அதை ஏப்ரல் கூட்டத்தில் மட்டும்தான் கொண்டுவரலாம். ஒவ்வொரு ஏப்ரலும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு ஏப்ரலும் தோற்றது. ஏன் எதிர்க்கிறீர்கள் என்று மனைவி லவோன் ஒரு முறை கேட்டதற்கு, பிள்ளைகள் பஸ்ஸிலேயே வளர்ந்துவிடும் என்றார்.

செப்டம்பர் கடைசியில் விதைக் கிடங்கில் மாரடைப்பு வந்து இறந்தார். வாக்குச்சீட்டு அதற்குள் அச்சாகிவிட்டது. அவருடைய இடத்துக்கு அதில் ஒரே பெயர்தான் இருந்தது.

மகள் ஜனெல் ஓமஹாவில் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். அடக்கம் முடிந்த மறுநாள் காலை வாசலுக்கு வந்தாள். தெரு முழுக்க அப்பாவின் தேர்தல் தட்டிகள் நின்றன. எல்லாம் முதல் தேர்தலுக்கு அடித்தவை. அவரவர் கார் கொட்டகையில் போட்டுவைத்து, நாலு வருடத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள். இந்த முறை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மலர்வளையம் வைப்பதுபோல் வைத்திருந்தார்கள்.

ஜனெல் தேர்தல் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தாள். இறந்தவர் ஜெயித்தால் இடம் காலி என்றார்கள். காலியிடத்தை மிச்சமுள்ள ஐந்து பேரும் கூடி நிரப்புவார்கள். ஐவரில் மூவர் பள்ளியை மூடச் சொல்பவர்கள். அவர்கள் தங்கள் ஆளைத்தான் போடுவார்கள். ஊர் அப்பாவுக்கு எவ்வளவு மரியாதை செய்கிறதோ, அவ்வளவு உறுதியாகப் பள்ளி மூடப்படும். பாலங்களில் அவள் இதைப் பார்த்திருக்கிறாள். எடையில் தப்பில்லை, ஏற்றிய இடம் தப்பு.

ஒரு வழி இருந்தது. சீட்டில் அப்பா பெயருக்குக் கீழே ஒரு வெற்றுக்கோடு உண்டு. அதில் வேறொருவர் பெயரை வாக்காளரே கையால் எழுதி, பக்கத்து வட்டத்தைக் கறுப்பாக்கலாம். பள்ளி இருக்கட்டும் என்பவர்களில், நிற்கச் சம்மதித்தவர் எலக்ட்ரீஷியன் ட்வேன் போகர்னி ஒருவர்தான். அவரும் அப்பாவும் பதினோரு வருடமாகப் பேசியதில்லை. மைதானத்தின் புள்ளிப்பலகைக்கு ட்வேன் ஒயரிங் செய்தார். ஒரு பருவம் முழுக்க எந்த அணி வந்தாலும் நாற்பது என்றே காட்டியது. வேறு ஆளைக் கூப்பிடத் தீர்மானம் வந்தது. அப்பா வழிமொழிந்தார். முன்மொழிந்தவரை ட்வேன் பிறகு மன்னித்துவிட்டார்.

லவோன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள். "அவன் பேரையா எழுதச் சொல்லப் போற?"

"வேற ஆள் இல்லம்மா."

"உங்கப்பா போய் மூணு வாரம்கூட ஆகல."

"அதனாலதாம்மா அவசரம்."

லவோன் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அக்டோபரில் அறுவடை. வாக்காளர்கள் யாரும் வீட்டில் இருப்பதில்லை. பேச வேண்டுமென்றால் அறுவடை இயந்திரத்தில் ஏறி, ஓட்டுபவர் பக்கத்துச் சின்ன இருக்கையில் உட்கார்ந்து, வயலை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். சுற்று முடிந்தால் பேச்சும் முடிந்தது. ஜனெல் ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சோள வயல்களைச் சுற்றினாள்.

லாடி குசேரா அப்பாவிடம் முப்பது வருடம் விதை வாங்கியவர். முழுவதையும் கேட்டுவிட்டு வரப்பைப் பார்த்தார்.

"புரியுது ஜனெல். ஆனா மைலோ பேரு அங்க அச்சுல இருக்கே. அதைத் தாண்டி எப்படிப் போறது?"

"அப்பாவுக்குத் தெரியப்போறதில்லையே."

"எனக்குத் தெரியுமே." வண்டியைத் திருப்பினார். "ட்வேன் ஒயரிங் பண்ணினதைப் பாத்திருக்கியா?"

"வாரியத்துல ஒயரிங் வேலை கிடையாது, லாடி."

அவர் யோசித்தார். சுற்று முடிந்தது. பார்த்து இறங்கச் சொன்னார்.

மாலையில் வீடு வீடாகப் போய்த் தட்டிகளைக் கேட்டு வாங்கினாள். பெரும்பாலும் கொடுத்தார்கள். தபால் நிலையத்து ரோஸ்மேரி மட்டும் மறுத்துவிட்டாள்.

"தேர்தல் முடியட்டும், நானே எடுத்துடறேன். அதுவரைக்கும் நிக்கட்டுமே அவர்."

ஜனெல் அந்தத் தட்டியை அங்கேயே விட்டுவிட்டாள். வாங்கிய தட்டிகளை அப்பாவின் வண்டியில் பெயர் கீழே இருக்கும்படி அடுக்கினாள். காற்றில் பறக்காமலிருக்க என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

தேர்தலன்று அம்மாவைக் கூட்டிப்போனாள். ஜனெலுக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. வண்டியிலேயே இருந்தாள். லவோன் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"யாருக்கும்மா போட்ட?"

"உங்கப்பாவுக்கு."

"அம்மா."

"கோடு வரைக்கும் போனேன். கை போகல." இருக்கைப் பட்டையை மாட்டினாள். "நீ மத்தவங்களைப் பாத்துட்டல்ல. வண்டிய எடு."

கையால் எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து எண்ண வேண்டியிருந்ததால் முடிவு வர வாரக் கடைசி ஆயிற்று. மைலோ ரெஸாச் ஒன்பது ஓட்டில் தோற்றார். அவர் தோற்ற ஒரே தேர்தல் அது.

அன்று மாலை வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. மூடி போட்ட பாத்திரங்களோடு வந்தார்கள். கோழியும் நூடுல்ஸும், முட்டைக்கோஸ், பாப்பி விதை வைத்த கொலாச்சி ரொட்டி. தோற்ற வீட்டுக்கு வெறுங்கையோடு வர முடியாது. லாடி குசேரா தொப்பியைக் கழற்றி, மைலோ நன்றாகத்தான் நின்றார், நெருக்கமான போட்டி என்றார். ஜனெல் நன்றி சொன்னாள். கொலாச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தட்டோடு வெகுநேரம் நின்றாள். அடக்கத்தின்போது அவள் அழவில்லை. இப்போது அழுதாள். லாடி தட்டை வாங்கிக்கொண்டார்.

கடைசியாக ட்வேன் போகர்னி வந்தார். படியிலேயே நின்றார்.

"லவோன், அவர் இருந்திருந்தா நான் தோத்திருப்பேன்."

"ஆமா, தோத்திருப்ப," என்றாள் லவோன். "உள்ள வா. காபி இருக்கு."

ஏப்ரல் கூட்டம் முடிந்த மறுநாள் ஜனெல் ஒரு பாலத்தடியில் இருந்தாள். அம்மா அழைத்தாள்.

"மூணுக்கு மூணு."

"அப்ப பள்ளி இருக்கு."

"இருக்கு. ட்வேன் கால் மணி நேரம் பேசினானாம். எதுக்குன்னு யாருக்கும் புரியல."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் கொண்டுவருவாங்க. அவனுக்கும் அறுபத்தெட்டு ஆச்சு. உடம்பைப் பாத்துக்கன்னு சொல்லியிருக்கேன்."